கிண்ணியாத்துறையில் ஒரு பூனைப்பட்டி

கிண்ணியாத்துறையில் மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. சீனன்குடாவில் கழித்துப்போட்ட இரும்புக் குவியலிலிருந்து யாரோ கொண்டுவந்து கரையோரப் பூவரசில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். அதை அடிக்க ஒரு பெரிய இரும்பாணி. அந்த ஆணி எப்போதும் அபூதாஹிரின் இடுப்பு வாரில் செருகியிருக்கும். சாப்பிட வீட்டுக்குப் போனாலும் அவரோடு போகும்.

ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கழிமுகத்தைக் கடக்கிற இரும்பு மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். பாதை அக்கரையிலிருந்து வந்து கரையில் தட்டும். அபூதாஹிர் கயிற்றை வாங்கிக் கட்டுவார். பலகைகளை இறக்குவார். வந்த வாகனங்கள் ஏறிப்போன பிறகு பூவரசடிக்கு வந்து மூன்று தரம் மணி அடிப்பார். வரிசையில் நின்ற லொறிகள் ஒன்றாக உறுமும். தேத்தண்ணிக் கடையில் நின்ற சாரதிகள் மிச்சத்தை வீதியில் ஊற்றிவிட்டு ஓடுவார்கள். அவர்களுக்கு அபூதாஹிர் நானா, அதாவது அண்ணன். திருகோணமலைக்குப் போக அன்றைக்கு அதுதான் வழி. நெல்லும் விறகும் மீனும் நோயாளிகளும் அந்த மூன்று அடிக்குக் காத்திருந்தார்கள்.

அபூதாஹிரின் வீடு துறைவீதியிலேயே இருந்தது. அவருடைய வீடு என்று ஊர் சொன்னாலும் அது மனைவி ஸாலிஹாவின் வீடு. எங்கள் பகுதியில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். சுதந்திரம் கிடைத்த மறுவருடம் மூதூரிலிருந்து மாப்பிள்ளையாக வந்தபோது, அபூதாஹிரின் தலையில் புதுத்தொப்பியும் கையில் மூடிபோட்ட ஓர் ஓலைக்கூடையும் இருந்தன. பலகாரம் என்று பெண் வீட்டார் நினைத்தார்கள். மச்சான் முறையான ஒருவர் மரியாதையாக வாங்கி மூடியைத் திறந்தார். சுக்கு நிறத்தில் ஒரு பூனை பாய்ந்து பந்தலில் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் ஏறிக்கொண்டது.

"சீதனம் நாம குடுக்கிறதா, மாப்பிள்ளை நமக்குத் தாறதா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ஏணி வைத்துப் பூனையை இறக்கினார்கள். பந்தல் துணி கிழிந்தது.

அவருடைய உம்மா அந்த வருடம்தான் மௌத்தாகியிருந்தார். மூதூர் வீட்டில் பூனைக்குச் சோறு வைக்க ஆளில்லை. சில நாட்கள் கழித்து ஸாலிஹாவிடம் மட்டும் இதைச் சொன்னார்.

"பேர் என்ன அதுக்கு?" என்று அவள் கேட்டாள்.

"பேரில்ல. உம்மா 'வா' எண்டா வரும்."

ஸாலிஹா அதற்குச் சுக்கு என்று பெயர் வைத்தாள். பிறகு பிறந்தவையெல்லாம் அவளுடைய சரக்குப் பெட்டியிலிருந்து பெயர் பெற்றன. மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம். பெட்டி தீர்ந்ததும் திரும்ப மல்லியிலிருந்து தொடங்கினாள். ஒவ்வோர் ஈற்றிலும் ஒரு குட்டியாவது சுக்கு நிறத்தில் இருக்கும். அந்தக் குட்டியை உள்ளங்கையில் எடுத்து, வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் அபூதாஹிர் துறைக்குப் போவார். மூதூர் வீட்டை அதற்குள் விற்றாயிற்று. உம்மாவின் படம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் பெண்களைப் படம் எடுப்பதும் இல்லை.

அறுபதுகளில் அல்லைப் பக்கம் வயல்கள் கூடின. லொறிகள் கூடின. பாதை ஒன்றுதான். நடுப்பகலில் வரிசை நீண்டு அபூதாஹிரின் வேலியையும் தாண்டி நிற்கும். துறைவீதியில் பூவரசைத் தவிர நிழல் கிடையாது. இருந்த நிழலெல்லாம் லொறிகளுக்குக் கீழேதான். மீன் லொறியானால் ஐஸ் உருகிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். ஊர்ப் பூனைகள் வேறெங்கே போகும்? சில்லுக்குப் பக்கத்தில் படுத்தால் ஒரு பக்கம் சூடும் ஒரு பக்கம் குளிரும் கிடைக்கும். மணி அடிக்கும். லொறி உறுமும். தூக்கம் கலைந்த பூனை எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒரு கணம் யோசிக்கும்.

முதலில் போனது சீரகம். சாரதி இறங்கிவந்து தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

"நான் காணேல்ல, நானா."

"மணி அடிச்சாப் பிறகு நீ என்ன செய்ய?" என்றார் அபூதாஹிர்.

அவர் அதைச் சாரதிக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். அன்று பின்னேரம் வேலிக்கரையில் குழி தோண்டும்போது, அதையே தனக்கும் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். அது வேறு மாதிரிக் கேட்டது.

அடுத்த வருடம் கடுகு. அதற்கடுத்த மழைக்கு முன் மல்லியும் அதன் குட்டியும். ஒவ்வொன்றும் அவருடைய மணிக்குப் பிறகு. எழுபத்திரண்டில் சுக்கின் வழியில் மிஞ்சியது ஒரேயொரு பெண் பூனை. கறுவா. ஒல்லியான, காது கிழிந்த, யாருக்கும் அடங்காத பூனை. நிறம் மட்டும் அந்தப் பழைய சுக்கினுடையது.

அபூதாஹிர் மணிக்கு முன் குனியத் தொடங்கினார். பலகையை இறக்கியதும் ஒரு பூவரசங்கம்பை எடுத்துக்கொண்டு வரிசை நெடுகப் போவார். ஒவ்வொரு லொறிக்கும் கீழே குனிந்து "சூ, சூ" என்பார். கடைசி லொறி வரை போய்த் திரும்பிவந்துதான் ஆணியை உருவுவார். அவர் திரும்பி வருவதற்குள் முதல் லொறிக்குக் கீழே பூனை திரும்பப் படுத்திருக்கும்.

சாரதிகளுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

"என்ன நானா, பல்லு விழுந்திட்டா?"

"ஒருக்கா எங்கட எஞ்சினையும் பாருங்க. எண்ணெய் ஒழுகுது."

"மெல்லக் குனிங்க. நிமிராமப் போனா ஆர் மணி அடிக்கிற?"

சிரிப்பு குறைந்து ஹோர்ன் சத்தம் கூடியது. ஒரு நாள் வரிசையின் நடுவில் ஒரு கார் நின்றது. பின் இருக்கையில் ஆமினா உம்மாவின் மகள், பிள்ளைப்பேற்று வலியோடு. ஆமினா உம்மா துறைவீதியிலேயே இடியப்பம் விற்றுக் குடும்பம் நடத்தியவர். வாயை அடக்கத் தெரியாதவர். அன்று அவர் காரிலிருந்து இறங்கி, குனிந்து நின்ற அபூதாஹிரின் பின்னால் வந்து நின்றார்.

"அபூதாஹிர், எண்ட மகளும் குட்டிதான் போடப் போறாள். அதையும் ஒருக்காப் பார்த்திட்டு மணிய அடி."

அபூதாஹிர் நிமிர்ந்தார். பூவரசடிக்கு ஓடினார். அன்று வரிசையின் மிச்சத்தை அவர் பார்க்கவில்லை. கார் போனது. ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்தது. ஆமினா உம்மா மறுநாளே இடியப்பம் கொண்டுவந்து தந்து, பேசியதை மறந்துவிட்டார். அபூதாஹிர் மறக்கவில்லை. ஆமினா உம்மா சொன்னது சரி என்பதுதான் அவரைத் தின்றது.

முறைப்பாடு மேலே போயிற்று. ஓவர்சியர் காசிநாதர் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர். கோபப்படும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"அபூதாஹிர், நீர் மணி அடிக்கிறதுக்குத்தான் சம்பளம் வாங்குறீர். பூனை கலைக்கிறதுக்கில்லை."

"ஓம் ஐயா."

"இன்னொரு முறைப்பாடு வந்தா உம்மை வெருகல் துறைக்கு மாத்திறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

"ஓம் ஐயா."

"அங்கயும் பூனை இருக்கும்," என்று காசிநாதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார்.

அந்த வாரம்தான் கறுவாவின் வயிறு தெரிய ஆரம்பித்தது.

ஸாலிஹா குசினி வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கறுவா அவளுடைய காலடியில் வந்து படுத்தது. அவள் சுளகை நிறுத்தினாள்.

"இஞ்ச பாருங்க. இதுவும் போனா இந்த வீட்டில இனிப் பூனை வேணாம். குழி தோண்டத் தோண்ட எனக்கு ஏலாது."

"இது போகாது."

"மணிய ஆர் அடிக்கிற? நீங்கதானே."

அபூதாஹிர் கறுவாவை வீட்டுக்குள் பூட்டிப் பார்த்தார். அது இரவு பகலாகக் கத்தியது. கட்டில் காலில் கயிறு போட்டுக் கட்டினார். கயிற்றைக் கடித்துக்கொண்டு போய் முதல் லொறிக்குக் கீழேயே படுத்தது. அறைக்குள் மண் இல்லை, வெயில் இல்லை, பார்க்க ஒரு காகம் கூட இல்லை. "மறியல்ல போட்டா மனிசனும்தான் கத்துவான்," என்றாள் ஸாலிஹா. அவள் பூனைகளை வேண்டாம் என்று சொன்னவள். ஆனால் கட்டி வைப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

வளவுக்குள்ளேயே பூனைக்கு ஒரு பட்டி கட்டுவது என்று அபூதாஹிர் முடிவு செய்தார். அன்னமுன்னா மரத்தையும் உள்ளே எடுத்து, நாலு பக்கமும் மேலேயும் மூடி. வெயிலும் மழையும் வரும். பூனை போகாது. கண்டல் கம்புகள் வெட்டிவந்து நட்டார். கம்பி வலைக்காக டவுனுக்குப் போனார். இறக்குமதி தடைபட்டு, கப்பலில் ஒன்றும் வராத காலம். கடைக்காரர் சிரித்தார். "கோழிக்கே கம்பி இல்ல. பூனைக்கா?"

துறையில் எல்லோருக்கும் கதை பரவிவிட்டது. "மாட்டுப்பட்டி கேள்விப்பட்டிருக்கம். பூனைப்பட்டி இப்பதான்," என்றார்கள். "காலையில அவிழ்த்து மேய்ச்சலுக்கு விடுவீங்களா?" என்றார்கள். கண்டல் கம்புகள் வலை இல்லாமல் வெறுமனே நின்றன. காகங்கள் அவற்றில் குந்தின. கறுவாவும் ஒரு நாள் ஏறி உட்கார்ந்து பார்த்தது.

ஆவணியில் வெருகல் திருவிழாவுக்குப் போக மூத்ததம்பி வந்தார். நிலாவெளிக்காரர். கரைவலைக்காரர். ஆண்டுதோறும் பாதை கடந்துதான் வெருகலுக்குப் போவார். பஸ் வரும்வரை அபூதாஹிரின் வீட்டில் தேத்தண்ணி குடிப்பது வழக்கம். அந்த வழக்கம் எப்படித் தொடங்கியது என்று இருவருக்கும் ஞாபகமில்லை. அவர் கம்புகளைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இதென்ன நானா, பாட்மின்டன் அடிக்கப் போறியளோ?"

அபூதாஹிர் விஷயத்தைச் சொன்னார். மூத்ததம்பி சிரிக்கவில்லை. கறுவாவைப் பார்த்தார். கம்புகளின் உயரத்தைக் கையால் அளந்தார்.

"கம்பி ஏன்? எங்கட பழைய மடி ஒண்டு வாடியில கிடக்கு. நைலோன் வந்தாப்போல அதை ஒருத்தரும் தொடுறேல்ல. நெத்தலிக்கே வழி விடாத கண். பூனைக்குட்டி எங்க போறது?"

வாடி என்பது கரையில் வலை வைக்கிற கொட்டில். கரைவலையின் கடைசியில் மீன் வந்து சேர்கிற பைக்குத்தான் மடி என்று பெயர். வலையின் மற்ற இடமெல்லாம் கண் பெரிது. மடியில் சிறிது. பருத்தி நூலில் நெருக்கிக் கட்டியது. கடல் தெரிந்த எவரும் அதைத்தான் யோசித்திருப்பார்கள். அபூதாஹிருக்கும் அது சரியாகவே பட்டது.

திருவிழா முடிந்து ஊருக்குப் போன மூத்ததம்பி, அடுத்த கிழமையே பெரிய சாக்கு ஒன்றோடு பாதையில் வந்து இறங்கினார். அவரைச் சுற்றி நாலு பக்கமும் இடம் விட்டு ஆட்கள் நின்றார்கள்.

"பஸ்ஸில கொண்டக்டர் கேக்கிறான், 'அண்ணை, சாக்குக்குள்ள என்ன, பிரேதமோ?' எண்டு. ஓம், பெரியப்பா எண்டன். முன் சீற் முழுக்க எனக்குத்தான்."

இரண்டு பேரும் அன்று பகல் முழுக்க வேலை செய்தார்கள். அபூதாஹிர் மணிக்கு ஓடிப்போய் ஓடிப்போய் வந்தார். மடியைப் பிரித்துக் கம்புகளில் இழுத்துக் கட்டினார்கள். அடியை ஒரு முழம் ஆழத்துக்கு மண்ணில் புதைத்தார்கள். மேலே அன்னமுன்னாக் கிளைகளுக்கு மேலாக ஒரு துண்டைப் போட்டு முடிச்சுப் போட்டார்கள். மூத்ததம்பியின் விரல்கள் முடிச்சைப் பார்க்காமலே போட்டன. ஆள் நுழைய ஒரு சின்னப் படலை. உள்ளே உடைந்த கதிரை ஒன்று, பழைய சாக்கு, தண்ணீர்ச் சிரட்டை.

ஸாலிஹா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தாள்.

"என்ன இது, கருவாட்டுக்கட போட்ட மாதிரி?"

"என்ன மணம்?" என்றார் மூத்ததம்பி. அவர் உண்மையாகவே கேட்டார். முப்பது வருடமாக அந்த மணத்துக்குள் இருந்தவர். அபூதாஹிர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். மீன் லொறிகளுக்கு நடுவில் நாள் கழிக்கிற அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"ரெண்டு வெயில் பட்டாப் போயிரும், தங்கச்சி."

கறுவாவைத் தூக்கி உள்ளே விட்டார்கள். அது ஓடவில்லை. கத்தவும் இல்லை. வலைக்குக் கிட்டப் போய் முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நக்கத் தொடங்கியது.

"பாருங்க, பிடிச்சிட்டுது," என்றார் மூத்ததம்பி. பின்னேரப் பஸ்ஸில் நிம்மதியாக ஊருக்குப் போனார்.

மறுநாள் காலை வேலியில் மூன்று பூனைகள் இருந்தன. பத்து மணிக்குள் அன்னமுன்னாவை மூடிய வலையின் மேல் இன்னும் சில. வெயில் ஏற ஏற வலை சூடாகி, அதிலிருந்த வருடக்கணக்கான நெத்தலி, சூடை, கீரி மீன்களின் மணம் எழும்பி வந்தது. துறைவீதியில், மீன்கடைச் சந்தில், பள்ளிவாசலுக்குப் பின்னால் கிடந்த பூனைகளெல்லாம் அபூதாஹிரின் வளவைத் தேடி வந்தன. வேலிக்கு மேலால், வேலிக்குக் கீழால், கூரையிலிருந்து. வலையில் நாலு காலாலும் தொங்கின. நக்கின. கடித்தன. இரண்டு கடுவன்கள் வலையின் மேல் கட்டிப்புரண்டு சண்டை பிடித்தன. உள்ளே கறுவா, வயிற்றைத் தூக்கிக்கொண்டு, உள்பக்கத்திலிருந்து அதே நூலைக் கடித்தது.

ஆமினா உம்மா இடியப்பத் தட்டைப் போட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றார்.

"அபூதாஹிர், கந்தூரியா? எங்களுக்கும் சொல்லியிரிக்கலாமே."

மதியத்துக்குள் பருத்தி நூல் விட்டுக்கொடுத்தது. கீழ் மூலையில் ஒரு தலை போகிற ஓட்டை. அதற்குள்ளால் ஒரு கறுப்புப் பூனை உள்ளே போனது. அதன் பின்னால் இன்னொன்று. கறுவா வெளியே வந்து, திரும்பிப் பார்த்து, வெளிப்பக்கத்தில் நல்ல இடம் ஒன்று தேடிப் படுத்து நக்கியது.

ஸாலிஹா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அவள் அழுகிறாள் என்று அபூதாஹிர் நினைத்தார். தோள்கள் குலுங்கின. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பூனை வெளிய போகாம இரிக்க நீங்க கட்டின. ஊர்ப் பூனையெல்லாம் உள்ள வாறதுக்குக் கட்டியிரிக்கிறீங்க."

அபூதாஹிர் கத்தியை எடுத்தார். வலையை அறுத்துக் கடலில் போடுவதென்று முதல் முடிச்சில் கைவைத்தார். அப்போது பாதையின் இயந்திரச் சத்தம் கேட்டது. கத்தியைப் படலையில் குத்திவிட்டு ஓடினார்.

கயிற்றைக் கட்டினார். பலகைகளை இறக்கினார். வந்தவை ஏறிப்போயின. வரிசை அவருடைய வேலி வரை நீண்டிருந்தது. இன்று குனிந்தால் நேரம் போகும். முறைப்பாடு போகும். வெருகல். அவருக்கு எல்லாம் தெரிந்தது. என்றாலும் முதல் லொறி பக்கத்தில்தான் நின்றது. குனிந்தார்.

கீழே வெறும் நிழல்.

இரண்டாவதுக்குப் போனார். நிழலும், சொட்டிய எண்ணெயும். மூன்றாவது மீன் லொறி. ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒன்றும் இல்லை. அவர் வேகமாக நடந்தார். பிறகு ஓடினார். கடைசி லொறியடியில் குனிந்தபோது, அதற்கு அப்பால், அவருடைய வேலியின் ஓலைக்கிடையால், வலையில் தொங்கிய வால்கள் தெரிந்தன.

அவர் பூவரசடிக்குத் திரும்பி வந்து மணி அடித்தார். மூன்று அடி. லொறிகள் உறுமின. ஒரு சாரதி தலையை நீட்டி, "என்ன நானா, இண்டைக்குச் சிரிப்பு?" என்றான்.

"ஒண்டுமில்ல. போ, போ."

வலையை அவர் அறுக்கவில்லை. அவிழ்த்தார். வேலியோடு சேர்த்து, பட்டிக்கு வெளிப்பக்கமாக, நீளத்துக்குத் தொங்கவிட்டார். நக்குகிறவை நக்கட்டும். பட்டிக்குப் பனஞ்சலாகை கீறினார். மணிக்கும் மணிக்கும் நடுவில் உட்கார்ந்து கீறி, கம்புக்குக் கம்பு, ஒரு குட்டியின் தலை போகாத நெருக்கத்தில் அடித்தார். மேலேயும் சலாகை. வெயில் கோடு கோடாக உள்ளே விழுந்தது. ஸாலிஹா கடற்கரையிலிருந்து கூடை கூடையாகப் பொடி மணல் கொண்டுவந்து கொட்டினாள். கதிரையின் உடைந்த காலுக்குக் கல் வைத்தாள். ஆள் நுழையும்போது பூனை வெளியே பாயாமல், படலைக்கு உள்ளேயும் கொக்கி போடச் சொன்னவளும் அவள்தான். மீன் மணம் இல்லாத அந்தப் பட்டிக்குள் கறுவா இரண்டு நாள் கோபமாக இருந்தது. மூன்றாம் நாள் அன்னமுன்னாவில் ஏறி, வெளியே வலையில் தொங்குகிறவைகளை மேலிருந்து பார்த்துக்கொண்டு படுத்தது. அன்று இருட்டும்வரை இறங்கவே இல்லை.

குட்டிகள் அங்கேதான் பிறந்தன. நாலு. மூன்று சுக்கு நிறம். அபூதாஹிர் படலைக்குள் குனிந்து நுழைந்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அன்று பாதைக்குச் சற்றுப் பிந்தித்தான் போனார். அதைப் பற்றி முறைப்பாடு வரவில்லை.

காசிநாதர் ஒருமுறை பார்க்க வந்தார். துறையில் மணி நேரத்துக்கு அடிக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவர். வேலி நெடுகப் பூனைகளையும், உள்ளே சலாகைக்குப் பின்னால் குட்டிகளையும் கண்டு, சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி நின்றார்.

"ஐசே, இதென்ன, பூனைகளுக்கும் ஒரு வரிசை வைச்சிருக்கிறீர்?"

"இதுக்கு மணி இல்ல ஐயா."

காசிநாதர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் போட்டுக்கொண்டார்.

நூலை விளிம்பு விளிம்பாகப் பூனைகள் தின்றன. மிச்சத்தை மாரி மழை கழுவியது. ஆனால் அடுத்த ஆவணியில் மூத்ததம்பி இன்னொரு சாக்கோடு வந்தார். அதற்கடுத்த ஆவணியிலும். மற்றக் கரைவலைக்காரர்களின் வாடிகளிலும் கேட்டு, கிடந்த மடித் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். பஸ் கொண்டக்டர்கள் அந்தச் சாக்கைப் பழகிவிட்டார்கள். "நேத்திக்கடன் வந்திட்டுது, இடம் விடுங்கோ," என்பார்கள்.

"எனக்கு வருசத்துக்கு ரெண்டு நேத்தி, தங்கச்சி," என்பார் மூத்ததம்பி, தேத்தண்ணிக் கோப்பையை ஊதிக்கொண்டு. "ஒண்டு வெருகல் முருகனுக்கு. மற்றது நானாட பூனைக்கு. முருகனுக்குக் கற்பூரம் காணும். இதுகளுக்கு நெத்தலிதான் வேணும்."

அந்த ஆண்டுகளில் பாதை கடந்தவர்களுக்கு அந்த வேலி ஞாபகம் இருக்கும். அன்னமுன்னாவும், வலையில் தொங்குகிற பூனைகளும், வரிசையில் நிற்கும்போது முகத்தில் அடிக்கிற அந்த மணமும். பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி வேலிக்கு ஓடுவார்கள். மணி கேட்டதும் பெயர் சொல்லி அழைக்கிற தாய்மார்களின் குரல்கள். அன்று காத்திருப்பது பெரிய விஷயமாக இல்லை. துறைவீதியில் பூனைக்காகக் குழி தோண்டவும் இல்லை.

எழுபத்தெட்டோடு நிலாவெளியில் பருத்தி மடி தீர்ந்தது. மூத்ததம்பி நைலோன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நீல நிறம். பூனைகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மின. கழுவினால் மணம் போகிற நூல் அது. அதை என்ன செய்வது? ஸாலிஹா புடலங்கொடிக்குக் கட்டினாள். அந்த நேரத்தில் கம்பி வலை டவுன் கடைகளில் சுருள் சுருளாக வந்திறங்கிவிட்டது. அபூதாஹிர் சலாகைகளைக் கழற்றிப் பட்டிக்குக் கம்பி அடித்தார். கறுவா கிழடாகி அந்தப் பட்டிக்குள்ளேயே, கதிரையில், தூக்கத்தில் போயிற்று. அதன் மகளும் பேத்தியும் உள்ளே இருந்தன. அவற்றுக்கு ஒரு பயமும் இல்லை. ஊர்ப் பூனைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப லொறிகளுக்குக் கீழே போய்ப் படுத்தன.

மகள் ஜெஸீமாவுக்குக் கலியாணம் முடிந்தது. வழக்கப்படி வீடு அவளுக்குப் போயிற்று. அபூதாஹிரும் ஸாலிஹாவும் பின்வளவில், பட்டியோடு ஒட்டி ஓர் அறை போட்டுக்கொண்டு அதில் குடியேறினார்கள். மருமகன் சைக்கிளில் வந்தான். "இந்த மாப்பிள்ளை கூடையொண்டும் கொண்டு வரல்ல," என்று ஸாலிஹா பந்தலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

எண்பத்தொன்றில் அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். இரும்பாணியைப் புதிய மணிக்காரனிடம் ஒப்படைத்தார். இடுப்பு வாரில் அது உரசிய இடம் தேய்ந்து மெலிந்திருந்தது. இரண்டு நாள் வீட்டில் இருந்து மணியைக் கேட்டார். மூன்று அடி. உறுமல். இரண்டு நாளும் அந்தச் சத்தத்துக்குப் பிறகு வேறேதும் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்தபடி சாப்பாட்டுக் கோப்பையின் முன்னால் இருந்தார்.

மூன்றாம் நாள் பூவரசங்கம்பு ஒன்று வெட்டினார்.

"எங்க போறீங்க?" என்றாள் ஸாலிஹா.

"இப்ப என்னை எங்கயும் மாத்த ஏலாதே."

பாதை அக்கரையிலிருந்து வெளிக்கிடும்போதே அவரும் வெளிக்கிட்டுவிடுவார். இப்போது கட்டக் கயிறு இல்லை, இறக்கப் பலகை இல்லை. வரிசையின் கடைசியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு லொறிக்கும் கீழே குனிந்து தட்டிக்கொண்டு, பாதை கரையில் தட்டுகிற நேரத்துக்கு முதல் லொறிக்கு வந்துவிடுவார். திரும்பிவந்து படுக்கப் பார்க்கிறவற்றுக்குக் கம்பைக் காட்டிக்கொண்டு அங்கேயே நிற்பார். புதிய மணிக்காரன் பலகையை இறக்கிவிட்டுப் பூவரசடியில் ஆணியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பழைய சாரதிகள் மட்டும் இன்னும் கேட்பார்கள்.

"என்ன நானா, அந்தப் பல்லு இன்னும் கிடைக்கேல்லயா?"

"தேடுறன்," என்பார் அபூதாஹிர், லொறிக்குக் கீழேயிருந்து.

முழங்காலில் ஒரு கையை ஊன்றி மெதுவாக நிமிர்வார். மணிக்காரனைப் பார்த்துக் கையைத் தூக்குவார்.

"அடி, தம்பி."